கூடுதலாக எந்த லென்ஸ்? வாவிக்கரையில் நெடுநாள் பயன்படுத்தியபின் ஒரு பதில்

கல்முனையில் இருக்கும் நண்பர் ஒருவர் அண்மையில் என்னுடையதைப் போன்ற சிறிய மிரர்லெஸ் கமரா ஒன்றை வாங்கியிருக்கிறார். "மச்சான், இதோட கூட ஒரு லென்ஸ் வாங்கிறதெண்டா எதை வாங்கிற?" என்று கேட்டார். கமராவுடன் வந்த 14–42 மி.மீ. சூம் (மி.மீ. எண் கூடக் கூடத் தொலைவிலுள்ளது பெரிதாகத் தெரியும்) வீட்டு விசேஷங்களுக்குப் போதும் என்பது அவருக்கே தெரியும். அதற்கு அப்பால் என்ன வேண்டும் என்பதுதான் அவருடைய கேள்வி. அந்தக் கேள்விக்கு விடையாக என்னிடம் இரண்டு லென்ஸ்கள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. ஒன்று ஒலிம்பஸின் 45 மி.மீ. எஃப் 1.8 (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை பெரிதாகி ஒளி கூட வரும்), மற்றது அதே நிறுவனத்தின் ஒரு 75–300 மி.மீ. சூம். முதலாவதின் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. இரண்டாவதோ, மட்டக்களப்பு வாவிக்கரைக்குப் போகும் ஒவ்வொரு காலையிலும் என் பொறுமையைச் சோதிக்கிறது.

நியாயமாகச் சொல்வதானால், அந்த நீள லென்ஸின் பலத்தை முதலில் சொல்ல வேண்டும். 2008இல் ஒலிம்பஸும் பானசோனிக்கும் சேர்ந்து அறிவித்த மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் முறையில்தான் எங்கள் கமராக்கள் இயங்குகின்றன; இதில் ஒளியைப் பதியும் உணரியின் அகலம் 17.3 மி.மீ., உயரம் 13 மி.மீ. மட்டுமே. அதனால் 300 மி.மீ. லென்ஸ் இதில் பொருத்தப்படும்போது, ஏறத்தாழ இரு மடங்கு அகலமான உணரியுள்ள பெரிய கமராவில் 600 மி.மீ. லென்ஸ் காட்டும் அதே குறுகிய பார்வைக் கோணம் கிடைக்கிறது. பெரிய கமராவில் அந்த அளவுக்கு எட்டிப் பார்க்கும் லென்ஸைத் தூக்கிச் செல்வதே ஒரு வேலை. என்னுடையது ஏறத்தாழ 420 கிராம். சிறிய தோள்பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் குருமண்வெளித் துறை வரைக்கும் போகலாம், படகில் ஏறி மண்டூர்ப் பக்கமும் போகலாம், கை வலிக்காது. நல்ல வெயிலில் எடுத்த மீன்கொத்தியின் படத்தில் அலகின் நுனியில் ஒட்டியிருக்கும் நீர்த்துளி கூடத் தெரியும்.

பிரச்சினை அந்த "நல்ல வெயில்" என்பதில்தான் இருக்கிறது. 300 மி.மீ. நீளத்தில் இந்த லென்ஸ் திறக்கக்கூடிய அதிகபட்ச அளவு எஃப் 6.7. வாவியில் கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் இரை தேடத் தொடங்கும் நேரம் விடியற்காலை. அந்த நேரத்து வெளிச்சம் இந்தத் துளைக்குப் போதாது. பறக்கும் பறவையை உறையவைக்க ஷட்டர் வேகம் செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். மேகம் மூடிய விடியலில் அந்த வேகத்தை வைத்தால் ஐ.எஸ்.ஓ. (உணரியின் ஒளியுணர்திறன்) 6400க்குப் போய்விடுகிறது, சிறகின் நுண்ணிய கோடுகளெல்லாம் மணல் தூவியதுபோலப் புள்ளிகளுக்குள் மறைந்துவிடுகின்றன. கமராவின் உள்ளே இருக்கும் அதிர்வுத் தடுப்பு எனது கையின் நடுக்கத்தைத்தான் நிறுத்தும், பறவையின் சிறகடிப்பை அல்ல. இதைக் கடைக்காரர்கள் ஒருபோதும் விளக்கிச் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே கோபம் தருகிறது.

சரி, வெளிச்சம் வரட்டும் என்று காத்திருந்தால், அடுத்த தொல்லை காற்றில் வருகிறது. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் காலை ஒன்பது மணிக்கே நீர்ப்பரப்பின் மேல் கானல் எழத் தொடங்கிவிடும். பார்வைக் கோணம் இவ்வளவு குறுகிய லென்ஸில், நூறு மீற்றருக்கு அப்பால் நிற்கும் கொக்கு வரையிலான காற்று முழுவதும் நெளிகிறது. போகஸ் சரியாக விழுந்திருந்தாலும் கொக்கின் விளிம்புகள் உருகிப்போயிருக்கும். எந்த விலையுள்ள லென்ஸாலும் இதைத் தீர்க்க முடியாது, கிட்டப் போவது ஒன்றே வழி. மாரி காலத்தில் கானல் குறைவு, வலசைப் பறவைகளும் அப்போதுதான் வருகின்றன. ஆனால் அதே மாதங்களில்தான் வானம் இருண்டு கிடக்கிறது. பறவை நிறைந்த காலத்தில் ஒளி இல்லை, ஒளி நிறைந்த காலத்தில் காற்று நிற்பதில்லை. இந்த இரண்டுக்கும் இடையில் எனக்குக் கிடைப்பது காலையில் ஒன்றரை மணி நேரம்.

அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ள நான் கண்ட வழிகளை நண்பருக்காகச் சொல்லிவிடுகிறேன். காலையில் எழுவான்கரையில், அதாவது வாவியின் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்த்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பறவையின் முகத்தில் ஒளி விழும். மாலையில் அதற்கு மாறாகப் படுவான்கரையில், அதாவது மேற்குக் கரையில் நின்று கிழக்கே பார்க்க வேண்டும். நிற்கும் பறவைக்கு 250இல் ஒரு பங்கு வேகம் போதும், ஐ.எஸ்.ஓ. 1600க்குள் அடங்கிவிடும். முழு 300க்குப் போனால் எஃப் 8 சற்றுக் கூர்மை தருகிறது. எஃப் 11ஐத் தாண்டினால் இவ்வளவு சிறிய உணரியில் சிறுத்த துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் மீண்டும் மென்மையாகிவிடும். பானசோனிக்கின் 100–300 இதே தூரத்தில் எஃப் 5.6 வரை திறக்கும் என்பதால் அரை ஸ்டொப் லாபம் (ஒரு ஸ்டொப் என்பது இரு மடங்கு ஒளி) உண்டு, ஆனால் அதன் எடை 520 கிராம். 190 கிராமே உள்ள 40–150 பயணத்துக்கு இனிமையானது, வாவியின் நடுவில் மிதக்கும் பறவைக்கு எட்டாது.

இனி அந்தச் சிறிய 45. 116 கிராம் எடை, முன்பக்க ஃபில்டரின் விட்டம் 37 மி.மீ. மட்டும். வாங்கிய நாளில் இதை முகப்படங்களுக்கான லென்ஸ் என்றுதான் நினைத்திருந்தேன். கூத்துக் களரிக்குக் கொண்டுபோன பிறகே அதன் பெறுமதி விளங்கியது. வடமோடியோ தென்மோடியோ, எந்தப் பாணியானாலும், இரவு தொடங்கி விடியும் வரை ஆடப்படும் கூத்தில் வட்டக்களரியைச் சுற்றி எந்தப் பக்கமும் நிற்கலாம். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரின் மத்தளத்துக்கு ஆட்டக்காரர் நம் பக்கம் திரும்பி வரும்போது, 45 மி.மீ.க்கு அது சரியான தூரம். எஃப் 1.8 என்பது எஃப் 6.7ஐவிட ஏறத்தாழப் பதினான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும், ஐ.எஸ்.ஓ. 1600இல் கிரீடத்தின் கண்ணாடித் துண்டுகள் மின்னுவது அப்படியே பதிகிறது. ஒரு கவனம் மட்டும் வேண்டும். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் களரியில் கட்டும் ரியூப் லைற்றுகளும் மலிவான எல்.இ.டி. விளக்குகளும் செக்கனுக்கு நூறு தடவை மங்கி ஒளிர்கின்றன. சத்தமில்லாத மின்னணு ஷட்டரைப் பயன்படுத்தினால் படத்தின் குறுக்கே இருண்ட பட்டைகள் விழும். இயந்திர ஷட்டரில் நூறில் ஒரு பங்கு வேகம் வைத்து, தாளம் முடிந்து கால் நிலைகொள்ளும் கணத்தில் அழுத்தினால் ஆட்டமும் கலையாது, பட்டையும் விழாது. இப்படி எடுத்த படங்களை ஆடியவர்களின் வீட்டாரிடம் கொடுக்கும்போது அவர்கள் முகத்தில் வரும் மகிழ்ச்சியை எந்தப் பறவைப் படமும் எனக்குத் தந்ததில்லை.

பராமரிப்பிலும் சிறியதே எளிது. 45இல் போகஸ் உள்ளுக்குள்ளேயே நகர்கிறது, குழல் நீள்வதில்லை. 75–300 ஒவ்வொரு முறை நீட்டிச் சுருக்கும்போதும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. கல்லடிக் கடற்கரையில் அந்தக் காற்றில் உப்பும் இருக்கும். மாரியில் இங்கு ஈரப்பதன் 80 சதவீதத்தைச் சாதாரணமாகத் தாண்டுவதால், அலுமாரிக்குள் வைத்த லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கக் காலம் செல்லாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், சிறிய ஈரமானி ஆகிய மூன்றையும் லென்ஸுக்கு முன்பே வாங்கி, ஈரப்பதனை 40க்கும் 50க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். 2022இல் ரூபாயின் பெறுமதி வீழ்ந்த பிறகு புதிய லென்ஸ் வாங்குவதே பெரும் செலவாகிவிட்ட நிலையில், கொழும்புக்கு அனுப்பித் துப்புரவாக்கும் கூலியையும் சேர்த்துச் சுமக்க யாரால் முடியும்? பயன்படுத்தியதை வாங்குவதானால், பின்பக்க மூடியைக் கழற்றி, கைப்பேசி விளக்கை ஒரு பக்கத்தால் அடித்து மறுபக்கத்தால் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. சிலந்திவலைபோல நூல் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இவ்வளவும் எழுதிய பிறகும், நண்பருக்கு முதலில் வாங்கச் சொல்வது 75–300ஐத்தான். களரியில் ஒளி குறைந்தால், கையிலிருக்கும் 14–42உடன் இரண்டடி முன்னே போய், ஆட்டம் நிற்கும் கணங்களை மட்டுமாவது எடுக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். வாவியில் இரண்டடி முன்னே போக வழியில்லை. அவருக்கு விருப்பம் பறவைகளில், பொத்துவில் வாவிக்கும் குமணவுக்கும் போகும் எண்ணமும் உண்டு. அங்கே 40–150 போன்ற சிறிய லென்ஸ் எட்டாது. பயன்படுத்திய நிலையில், பூஞ்சணம் இல்லாததாகப் பார்த்து வாங்கட்டும். 45ஐ அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம். அதுவரை கூத்து நடக்கும் இரவுகளில் என்னுடையதைக் கொண்டுபோகட்டும்.