சுவாமிமலைச் சாலையில் ஒரு ஏ.சி. சிலைக்கூடம்: வாங்கப் போகிறவர்களுக்கு

கும்பகோணத்திலிருந்து சுவாமிமலை போகும் வழியில், வெளிநாட்டுத் தமிழர்களையும் சென்னை, கோவைப் பெரும்புள்ளிகளையும் நம்பி நடக்கும் சிலைக்கூடம் இது. பெயர் வேண்டாம், இதே பாணியில் இன்னும் சில உண்டு.

கறுப்புத் துணி விரித்த மேடை, மேலிருந்து ஒரே விளக்கு, நடுவில் மூன்றடி நடராஜர். விலைச்சீட்டு எங்கும் கிடையாது. டிகிரி காபி வந்த பிறகுதான் பேச்சே ஆரம்பம். பணத்துக்கு யோசிக்காத ஆளை முதலில் பொருளுக்கு முன்னால் உட்கார வைப்பது சரியான வியாபாரம்தான். உட்கார வைத்துவிட்டு என்ன சொல்லி விற்கிறார்கள் என்பதில்தான் சிக்கல்.

முதல் வரி, "பஞ்சலோகம் சார், தங்கம் சேர்த்தது." உலைக்குப் போவது பெரும்பங்கு செம்பு, கொஞ்சம் பித்தளை, கொஞ்சம் ஈயம். தங்கமும் வெள்ளியும் சம்பிரதாயத்துக்கு ஒரு துளி. அது பக்தி, இருக்கட்டும். விலையை ஏற்ற அதைக் காரணமாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது "ஆன்டிக் ஃபினிஷ்". ரசாயனம் தடவிப் பச்சையும் கறுப்புமாக ஏற்றும் வேலை. பங்களா வரவேற்பறைக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் வார்ப்பில் விழுந்த ஊசித்துளையும் ஒட்டுப்போட்ட இடமும் அதற்கடியில் மறைந்துவிடும். விரலிடுக்கு, முழங்கை மடிப்பு, பீடத்தின் அடி, மூன்றிலும் டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும். இன்னொரு வில்லங்கமும் உண்டு. நூறு வருஷத்துக்குக் குறையாத சிலை 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. புதுச்சிலையைப் பழசாகக் காட்டிக் கொண்டுபோனால் சுங்கத்தில் நிற்கும். இந்தியத் தொல்லியல் துறையிடம் "தொல்பொருள் அல்ல" என்ற சான்றிதழ் வாங்கவேண்டும். "கேட்டால் செய்து தர்றோம்" என்கிறார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளரை நம்பிக் கடை வைத்தவர் கேட்காமலே செய்யவேண்டிய வேலை அது.

கடையின் உண்மையான சரக்கு பின்கட்டில் இருக்கிறது, அதைத்தான் காட்டுவதில்லை. அங்கே ஸ்தபதி தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துத் தாளக் கணக்கு, அதாவது உறுப்புகளின் அளவு விகிதம், எடுக்கிறார். சிவனுக்கு உத்தம தசதாளம், 124 அங்குலம்; இது இஞ்ச் இல்லை, சிலையின் உயரத்தை அத்தனை பங்காக்கினால் ஒரு பங்கு. அம்பாளுக்கு மத்திமம், 120. தேன்மெழுகும் குங்கிலியமும் கடலையெண்ணெயும் காய்ச்சிய மெழுகில் உருவம் பிடிக்கிறார். மூக்கு சரியில்லை என்றால் இந்தக் கட்டத்தில் சொல்லவேண்டும். மெழுகில் சில நிமிஷ வேலை. வார்த்த பிறகு உளி வைத்தால் முகமே கெடலாம். கடை வாட்ஸ்அப்பில் அனுப்புவதோ முன்பக்கப் படம் ஒன்று. இரண்டு பக்கவாட்டுப் படமும் முதுகுப் படமும் கேட்டு வாங்குங்கள். மெழுகு உருவத்தின் எடையையும் எழுதி வாங்குங்கள். மெழுகை உருக்கி எடுத்த இடத்தில்தான் உலோகம் போகிறது; உள்ளே கூடு இல்லாமல் முழுசாக வார்த்தால் ஒரு கிலோ மெழுகுக்கு ஏறக்குறைய ஒன்பது கிலோ உலோகம் பிடிக்கும். முடிந்த சிலையின் எடை அதைவிட ரொம்பக் குறைந்தால் உள்ளே பொள்ளல் என்று அர்த்தம். பூஜைக்கு வாங்குகிறவருக்கு அது ஆகாது.

"45 நாளில் டெலிவரி" என்று அச்சடித்திருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் அது நடக்காது. மெழுகு உருவத்தின்மேல் காவிரி வண்டல் பூசிச் செய்த அச்சு நிழலில்தான் காயவேண்டும், மழைக்காற்றில் சுலபத்தில் காயாது. ஈரம் போகாத அச்சில் உருக்கிய உலோகத்தை ஊற்றினால் நீராவி கிளம்பி ஊசித்துளை விழும், சில சமயம் அச்சே வெடிக்கும். அந்த மாதங்களில் அவசரப்படுத்துகிறவர் துளைக்கும் சேர்த்தே பணம் கட்டுகிறார்.

பாராட்ட ஒன்று உண்டு. கண் திறப்பை வாங்குகிறவர் நாள் குறிக்கும்வரை நிறுத்திவைக்கிறார்கள். குடும்பம் முன்னால் நிற்க, ஸ்தபதி பொன் உளியால் விழியைக் கீறுகிறார். தனிக்கட்டணம் இல்லை. காபியும் விளக்கும் செய்யாததை அந்த அரைமணி நேரம் செய்கிறது. வந்தவர் அடுத்த சிலைக்கு அங்கேயே சொல்லிவிட்டுப் போகிறார்.

பில் விஷயத்தில் கறாராக இருங்கள். ஒரே விற்பனைக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. பில்லை உடைத்துப் போட்டாலும் சட்டம் ஒன்றுதான். பில்லில் உயரம், எடை, உலோகம், செய்த வருஷம் நான்கும் இருக்கவேண்டும். பேக்கிங் நன்றாகவே செய்கிறார்கள், மரப்பெட்டிதான். சிலையைச் சுற்றி நிற்கும் சுடர் வளையமான திருவாசியைக் கழற்றித் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். மாட்டியபடியே அனுப்பினால் சுடர்கள் வளைந்து வரும்.