செயினா, கிளட்ச்சா, கியர்பாக்ஸா? பழைய பைக்கில் எந்தக் கோளாறை ஏற்கலாம், எதை விட்டு விலகணும்

பழைய பைக் வாங்கப் போகிறவர் ஓட்டிப் பார்த்துவிட்டு "ஏதோ கடகடங்குதே" என்று கேட்டால், "செயின்தான் சார், மாத்திட்டா சரியாயிடும்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அது உண்மையாகவும் இருக்கலாம்; இன்ஜினைக் கீழே இறக்க வேண்டிய வேலையை மூடி மறைப்பதாகவும் இருக்கலாம். ஸ்ப்ளெண்டர், பல்சர், யுனிகார்ன் போன்ற வண்டிகளில் செயின் செட் (செயினும், அது ஓடும் முன், பின் ஸ்ப்ராக்கெட் என்னும் பற்சக்கரங்களும்) இன்ஜினுக்கு வெளியிலேயே மாட்டியிருக்கிறது. கிளட்ச் பிளேட்டுக்கு இன்ஜினின் வலது பக்க மூடியைக் கழற்றினால் போதும். ஆனால் ஒரு கியர் பல்லைத் தொட வேண்டுமென்றால் இன்ஜினை இறக்கி, அதன் கூடான கேஸை இரண்டாகப் பிரித்தாக வேண்டும். அதனால் செயின், கிளட்ச் கோளாறு இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். கியர்பாக்ஸ் கோளாறு என்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவதே நல்லது.

பார்க்கப் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

செயினில் ஆரம்பிப்போம், ஏனென்றால் அதற்கு ஓட்டிப் பார்க்கவே தேவையில்லை. நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் 20 முதல் 30 மி.மீ. ஆட்டம் இருப்பது சாதாரணம். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு விடக் கூடாது. சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நாலு இடத்தில் பாருங்கள். ஓரிடத்தில் விறைப்பாகவும் இன்னோரிடத்தில் தொங்கலாகவும் இருந்தால் செயின் ஏற்றத்தாழ்வாக நீண்டுவிட்டது, இனி டைட் பண்ணிப் பயனில்லை. பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசி முனையில் செயினைப் பின்பக்கமாக இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் செட்டையே மாற்ற வேண்டும். அளந்தே பார்க்க விரும்பினால், 428 என்ற அளவுச் செயினில் ஒரு கண்ணிக்கு 12.7 மி.மீ., 20 கண்ணிக்கு 254 மி.மீ.; செயினை இழுத்துப் பிடித்து அளக்கும்போது 259-ஐத் தொட்டால் ஆயுள் முடிந்தது. புதுச் செயினை மட்டும் போட்டு பழைய ஸ்ப்ராக்கெட்டை விட்டுவைப்பவர்கள் உண்டு. கொக்கி போல வளைந்த பல் புதுச் செயினையும் சீக்கிரம் தின்றுவிடும்.

முன் ஸ்ப்ராக்கெட் மூடியைக் கழற்றிப் பார்க்க விற்பவர் சம்மதித்தால் அவசியம் பாருங்கள். ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்து முன்னும் பின்னும் திருக்கினால் ஷாஃப்ட்டின் மேல் லேசான ஆட்டம் இருக்கலாம். அது அதிகமாக இருந்து, ஷாஃப்ட்டில் இருக்கும் வரிப்பற்களே தேய்ந்து கூராகியிருந்தால், செயின் கோளாறாகத் தொடங்கியது கியர்பாக்ஸ் வேலையாக ஆகிவிட்டது என்று பொருள். அந்த ஷாஃப்ட் கேஸுக்குள்ளிருந்துதான் வருகிறது.

செயினோடு சேர்த்துக் குழப்புவது பின் ஹப்புக்குள் இருக்கும் ரப்பர். ஆக்சிலரேட்டரைத் திறந்து மூடும்போதெல்லாம் "டக்" என்று உதைப்பு வந்தால் பலர் கியர் பல் போய்விட்டது என்று பயப்படுகிறார்கள். பின்பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு ஸ்ப்ராக்கெட்டைக் கையால் ஆட்டுங்கள். சக்கரம் அசையாமல் ஸ்ப்ராக்கெட் மட்டும் தாராளமாக ஆடினால் ரப்பர் நைந்துவிட்டது. சக்கரத்தைக் கழற்றினால் முடிகிற வேலை. இதற்காக நல்ல வண்டியை யாரும் இழக்கக் கூடாது.

அடுத்து கிளட்ச். இங்கே ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. கிளட்ச் நழுவினால் வண்டி இழுக்காது. கிளட்ச் முழுதாக விடுபடாவிட்டால் கியர் விழாது. முதலாவதை "பிக்கப் இல்லை" என்பார்கள், இரண்டாவதை "கியர் டைட்" என்பார்கள். பின்னதைக் கேட்டதும் கியர்பாக்ஸைச் சந்தேகிப்பதுதான் வழக்கமான தவறு.

நழுவலைச் சோதிக்க, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு டாப் கியரில் 30 கி.மீ. வேகத்தில் போய், ஆக்சிலரேட்டரைச் சட்டென்று முழுக்கத் திறங்கள். இன்ஜின் இரைச்சல் எகிறி, வேகம் பின்தங்கினால் பிளேட் நழுவுகிறது. உடனே பிளேட் செலவைக் கணக்குப் போட வேண்டாம். லீவர் முனையில் 10 முதல் 20 மி.மீ. வெற்று அசைவு இருக்கிறதா என்று பாருங்கள். பிளேட் தேயத் தேய இந்த அசைவு குறைந்துகொண்டே வரும். துளியும் இல்லையென்றால் கேபிளே கிளட்ச்சை அரைகுறையாக அழுத்திப் பிடித்திருக்கும். கேபிளைத் தளர்த்திவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். அடுத்து ஆயில். இந்த வண்டிகளில் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே நனைந்து ஓடுகிறது. டப்பாவில் ஜாசோ (JASO) எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற தரக்குறி இருக்க வேண்டும். எம்பி ரக ஸ்கூட்டர் ஆயிலையோ உராய்வைக் குறைக்கும் கார் ஆயிலையோ ஊற்றியிருந்தால் நல்ல பிளேட்டும் வழுக்கும். கேபிளும் ஆயிலும் சரியாக இருந்தும் நழுவினால் பிளேட்டும் ஸ்பிரிங்கும்தான். அதற்கான தொகையைக் குறைத்துப் பேசுங்கள்.

"கியர் டைட்" என்றால் கிளட்ச்சா கியர்பாக்ஸா என்று பிரிக்க ஓர் எளிய வழி உண்டு. இன்ஜினை அணைத்துவிட்டு, சக்கரத்தை முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே எல்லா கியரையும் போட்டு எடுங்கள். அணைத்த நிலையில் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் குற்றவாளி கிளட்ச். சிக்னலில் நியூட்ரல் கிடைக்காமல் தவிப்பது, லீவரைப் பிடித்திருந்தும் வண்டி முன்னால் ஊர்வது இரண்டும் அதே கணக்கு. பெரும்பாலும் கேபிள் தளர்ந்திருக்கும், அல்லது பிளேட்டுகளைத் தாங்கும் கூடான கிளட்ச் ஹவுசிங்கில் பிளேட் காதுகள் உட்காரும் இடத்தில் பள்ளம் விழுந்திருக்கும். நடு ஸ்டாண்டில் முதல் கியரில் லீவரைப் பிடித்திருக்கும்போது பின்சக்கரம் மெல்லச் சுற்றுவது கோளாறல்ல. ஆயிலின் பிடிப்பு அது. பின்பிரேக்கை லேசாகத் தொட்டதும் நின்றுவிட வேண்டும்.

அணைத்த நிலையிலும் ஒரு கியர் மட்டும் விழவில்லையா? அப்போதும் முதலில் லீவரைப் பாருங்கள். கியர் லீவர் தன் ஷாஃப்ட்டில் வழுக்குகிறதா, மிதித்த பிறகு பழைய இடத்துக்குத் திரும்புகிறதா? திரும்பாவிட்டால் ரிட்டர்ன் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம். பல வண்டிகளில் அது கிளட்ச் மூடிக்குள்ளேயே இருப்பதால் கேஸைப் பிரிக்காமல் மாற்றலாம். லீவர் பக்கம் எல்லாம் சரி என்றால், விரலை நீட்ட வேண்டியது கியர்பாக்ஸை நோக்கித்தான்.

உண்மையான கியர்பாக்ஸ் கோளாறின் அடையாளம், போட்ட கியர் தானாகக் கழன்று வருவது. கியர் சக்கரங்கள் எப்போதும் பல்லோடு பல் பொருந்தியேதான் இருக்கின்றன. கியர் மாறும்போது நகர்ந்து கோர்த்துக்கொள்பவை பக்கவாட்டில் இருக்கும் டாக் என்னும் கட்டைப் பற்கள். அவற்றின் ஓரம் மழுங்கிவிட்டால் இழுவை ஏறும்போது ஒன்றையொன்று தள்ளிவிட்டுக் கழன்றுகொள்ளும். கியரை நகர்த்தும் ஷிஃப்ட் ஃபோர்க் வளைந்திருந்தாலும் இதே கதை. ஒவ்வொரு கியரிலும் ஆக்சிலரேட்டரை நன்றாகத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பாருங்கள். நியூட்ரல் முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இருக்கும் பல்சர் போன்ற வண்டிகளில் இரண்டாவது கியரைக் கூடுதலாகச் சோதியுங்கள். அரைகுறையாக மாற்றி மாற்றி அடி வாங்குவது அதுதான். ஒருமுறை கழன்றால் உங்கள் கால் சரியாக மிதிக்காததாக இருக்கலாம். அதே கியரில் மூன்று முறை கழன்றால் பேச்சு முடிந்தது.

சத்தத்தையும் இடம் பிரித்துக் கேட்கலாம். நியூட்ரலில் இன்ஜின் ஓடும்போது உறுமல் கேட்டு, கிளட்ச் லீவரைப் பிடித்ததும் நின்றால், கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்ட் பேரிங்கையோ கிளட்ச் ஹவுசிங்கையோ சந்தேகியுங்கள். பிடித்தால் மட்டும் சத்தம் வந்தால் கிளட்ச்சை அழுத்தும் பேரிங். அது சின்ன வேலை. ஒரே ஒரு கியரில் மட்டும் வேகத்துக்கேற்பத் தாளம் தப்பாமல் "டிக் டிக்" என்று வந்தால் அந்தக் கியரில் பல் உடைந்திருக்கும். இன்ஜினை அணைத்து நியூட்ரலில் இறக்கத்தில் உருளும்போதும் தொடர்கிற சத்தம் செயின், சக்கரப் பேரிங் பக்கம்.

ஆயிலை வடித்துப் பார்க்க அனுமதித்தால் வேறு சாட்சியே வேண்டாம். சாம்பல் நிற மை போன்ற நைஸ் துகள் எல்லா வண்டியிலும் வரும். கறுப்புத் துணுக்குகள் கிளட்ச் பிளேட்டிலிருந்து வந்தவை. காந்தத்தில் ஒட்டுகிற, விரலில் நெருடுகிற சில்லுகள் கிடைத்தால் அது கியர் அல்லது பேரிங்.

இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாத வண்டி ஒன்று உண்டு: வலது காலில் கியர் போடும் பழைய நாலு கியர் புல்லட். அதில் கியர்பாக்ஸ் இன்ஜினோடு சேராத தனிப் பெட்டி. பெட்டி ஃப்ரேமிலேயே இருக்க, இடது பக்கம் கிளட்ச்சைக் கழற்றி, வலது பக்கமாகக் கியர்களை வெளியே எடுத்துவிடலாம். இரண்டு கியருக்கு நடுவே போலி நியூட்ரல் விழுவது அதில் வெளி மூடிக்குள் இருக்கும் ராட்செட் தகட்டின் அட்ஜஸ்ட்மென்ட்டாலேயே சரியாகக்கூடும். அங்கே கியர் கழன்றாலும் விலை பேசலாம். அந்தப் பெட்டியைத் திறந்து பழகிய கை ஊரில் இருக்கிறதா என்று மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.