தமிழ் கைகொடுக்கும் ஜோடிகளும் கைவிடும் ஜோடிகளும்

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புக்குப் போகும் பலர், குழப்பமான ஆங்கிலச் சொற்களை ஒரே நீளப் பட்டியலாகப் பாடமாக்குகிறார்கள். அதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தமிழிலேயே வேறுபாடு உள்ள ஜோடிகள் ஒரு பக்கம். தமிழில் ஒரே சொல்லாகிவிடுபவை மறுபக்கம்.

முதல் வகைக்கு நல்ல உதாரணம் 'பை', 'அன்டில்'. அலுவலக ஈமெயிலில் 'ஐ வில் சென்ட் இட் அன்டில் ஃப்ரைடே' என்று எழுதினால், வெள்ளி வரை அனுப்பிக்கொண்டே இருப்பேன் என்றாகிவிடும். சொல்ல வந்ததோ வெள்ளிக்குள் அனுப்புவேன் என்பது. 'வெள்ளி வரை' என்றால் 'அன்டில்', 'வெள்ளிக்குள்' என்றால் 'பை'. இரண்டு மணித்தியாலத்துக்குள் என்று கால அளவு வந்தால் மட்டும் 'விதின்'. 'பொரோ', 'லெண்ட்' இன்னும் சுலபம்: இரவல் வாங்குவது, இரவல் கொடுப்பது. 'லேர்ன்', 'டீச்' நமக்குப் படிப்பதும் படிப்பிப்பதும்.

'சின்ஸ்', 'ஃபார்' கொஞ்சம் ஏமாற்றும். '2019இலிருந்து' என்றால் 'சின்ஸ்', 'ஐந்து வருடமாக' என்றால் 'ஃபார்'. அதுவரை சரி. ஆனால் 'வேலை செய்கிறேன்' என்பதை அப்படியே 'ஐ ஆம் வேர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019' என்று ஆக்கினால் பிழை. 'ஐ ஹேவ் பீன் வேர்க்கிங்' என்றே வரவேண்டும்.

உண்மையான உழைப்பு இரண்டாம் வகைக்குத்தான் தேவை. 'சொன்னார்' என்ற ஒரே சொல்லுக்கு ஆங்கிலத்தில் 'செட்', 'டோல்ட்' இரண்டும் உண்டு. 'ஹி டோல்ட் மீ' சரி, 'ஹி செட் மீ' பிழை. 'செட்' போட்டால் 'டு மீ' வேண்டும். 'கேள்' இன்னும் சிக்கல்: 'ஹியர்', 'லிசன்', 'ஆஸ்க்' மூன்றும் அதற்குள் அடங்கிவிடும். காலி வீதி பஸ்ஸில் யாரோ பேசுவது தானாகக் காதில் விழுந்தால் 'ஹியர்'. விரும்பிப் பாட்டுக் கேட்டால் 'லிசன்', அதுவும் 'டு' சேர்த்து. நேர்முகத் தேர்வில் வாய்தவறி வருபவை இவைதான் என்பதால், இவற்றைத் தனிச் சொல்லாக அல்லாமல் முழு வாக்கியமாகச் சொல்லிப் பழகுங்கள்.

'லைசன்ஸ்', 'பிராக்டிஸ்' போன்றவை எழுத்தில் மட்டும் வரும் சங்கடம். இங்கே பிரித்தானிய முறைதான்: பெயர்ச்சொல்லுக்கு 'சி', வினைச்சொல்லுக்கு 'எஸ்'. இவற்றைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.