போடி சர்வரிலிருந்து கிளவுடுக்கு: மூன்று வழியில் எது தேவலாம்?

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் நிறுவனம் ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை என் பொறுப்பு. கணக்குப் பிரிவு போடியில், ஸ்டோர்கள் மலைக்கு மேலே குமுளியிலும் வண்டன்மேட்டிலும். எல்லாருடைய லாகின் கணக்கும் போடி சர்வரின் ஆக்டிவ் டைரக்டரியில்தான் (பயனர்களின் பதிவேடு) உருவாகும். என்ட்ரா கனெக்ட் என்ற மென்பொருள் 30 நிமிடத்துக்கு ஒருமுறை அதைக் கிளவுடில் இருக்கும் மைக்ரோசாஃப்ட் 365-க்குக் கொண்டுபோகும், இதுதான் சிங்க். மலையில் இருப்பவர்களுக்கு மெயிலும் டீம்ஸும் போதும், சர்வர் பக்கமே வருவதில்லை. ஆனாலும் ஒருவர் பெயரில் எழுத்துப்பிழை என்றால் கிளவுடில் திருத்த விடாது, போடியில்தான் திருத்தணும். அதனால்தான் இவர்களை மட்டும், கிளவுடிலேயே நிர்வகிக்கும் கிளவுட் கணக்காக மாற்றக் கிளம்பினேன்.

பழைய வழி, அழித்து மீட்பது. பயனரை சிங்க் ஆகாத ஓயு-வுக்கு (டைரக்டரிக்குள் பயனர்களைப் பிரித்துவைக்கும் பகுதி) நகர்த்தினால் அடுத்த சிங்க்கில் கிளவுட் கணக்கு அழிந்துவிடும். 30 நாளுக்குள் மீட்டெடுத்தால் கிளவுட் கணக்காகத் திரும்பி வரும். குமுளி ஸ்டோர்காரர் ஒருவருக்கு இப்படிச் செய்தேன், அவர் ஏலத்துக்குச் சரக்கு விவரம் அனுப்பும் நேரம் என்று யோசிக்காமல். "தம்பி, என் மெயிலையே காணோமே, என்ன பண்ணினே?" என்று போன். மீட்டு, லைசென்ஸ் சரிபார்த்து, மெயில்பாக்ஸ் திறக்கும்வரை அந்த மனிதர் ஒவ்வொரு விவரத்தையும் போனில் வாசித்துக்கொண்டிருந்தார். பெரியவரை அப்படி அலையவிட்டது இன்றும் உறுத்துகிறது. இன்னொன்று, மீட்ட கணக்கில் பழைய இம்மியூட்டபிள் ஐடி (சர்வர் கணக்கோடு இணைக்கும் அடையாளம்) ஒட்டிக்கொண்டே இருக்கும். அதைத் துடைக்காமல் விட்டால், பிறகு யாராவது அந்த ஓயு-வை சிங்க்கில் சேர்க்கும்போது கணக்கு மறுபடி சர்வரோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, மொத்த சிங்க்கையும் நிறுத்துவது. யாரும் அழிவதில்லை, எல்லாரும் அப்படியே கிளவுட் கணக்காகிவிடுவார்கள். ஆனால் முடிய 72 மணி நேரம்வரை ஆகலாம், நடுவில் மனசு மாறினால் திருப்ப முடியாது. பாஸ்வேர்டின் மறைவடிவத்தைக் கிளவுடுக்கு அனுப்பும் பாஸ்வேர்டு ஹாஷ் சிங்க் இல்லாமல், பாஸ்வேர்டை உள்ளூர் சர்வரிலேயே சரிபார்க்கும் பாஸ்-த்ரூ மட்டும் வைத்திருப்பவர்கள் முதலில் ஹாஷ் சிங்க்கைப் போட்டு ஓடவிடணும், இல்லையென்றால் கிளவுடில் பாஸ்வேர்டே இருக்காது. சர்வரையே மூட்டைகட்டுபவர்களுக்கு இதுதான் சரி. எங்களுக்கு ஆகாது, கணக்குப் பிரிவின் ஃபைல் ஷேரும் பிரிண்டரும் இன்னும் டைரக்டரியை நம்பித்தான் ஓடுகின்றன.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. 2025-இல் வந்த சோர்ஸ் ஆஃப் அத்தாரிட்டி மாற்றம், அதாவது ஒரு கணக்கை எங்கிருந்து நிர்வகிப்பது என்பதை மாற்றுவது. மைக்ரோசாஃப்ட் கிராஃப் (கிளவுடுக்குக் கட்டளை அனுப்பும் இடைமுகம்) வழியாக, ஒரு பயனருக்கு மட்டும் 'இஸ்-கிளவுட்-மேனேஜ்டு' என்ற மதிப்பை 'ட்ரூ' ஆக்கினால் போதும். கணக்கு அழியாது, மெயில்பாக்ஸ் மறையாது, ஒன்ட்ரைவ் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில் குமுளிக்காரர் இன்னொருவரை மாற்றினேன், அவர் டீம்ஸில் பேசிக்கொண்டேதான் இருந்தார், ஒன்றும் தெரியவில்லை. வேண்டாமென்றால் 'ஃபால்ஸ்' போட்டுத் திருப்பிவிடலாம், ஆனால் அப்போது சர்வரில் இருக்கும் பழைய விவரம் கிளவுடில் திருத்தியதன் மேல் ஏறிவிடும், அதை மறந்துவிடாதீர்கள். என்ட்ரா கனெக்ட்டும் புதிய பதிப்பாக இருக்கணும். மெயில்பாக்ஸ் இன்னும் உள்ளூர் எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வரில் இருந்தால் முதலில் அதைக் கிளவுடுக்கு நகர்த்திவிடுங்கள்.

இதில் ஒரு இடத்தில் மட்டும் ரொம்பக் கவனமாக இருக்கணும். மாற்றிய பிறகும் சர்வரில் பழைய கணக்கு உயிரோடுதான் இருக்கும். ஒருவர் வேலையை விட்டுப் போனால் போடியில் முடக்கினால் கிளவுடில் முடங்காது, கிளவுடில் முடக்கினால் போடியில் முடங்காது. இரண்டு பக்கமும் செய்யணும். நான் ஆள் விலகும் படிவத்திலேயே இரண்டு கட்டம் போட்டு, இரண்டிலும் கையெழுத்து வாங்குகிறேன்.

குமுளி முடிந்தது. அடுத்து வண்டன்மேடு, ஒரு நாளைக்கு ஐந்து பேர் வீதம், ஏலம் இல்லாத நேரம் பார்த்து.