லினக்ஸ் யூசர் கணக்குகளை வேறு சர்வருக்கு மாற்றுதல்: ஆர்சிங்க் வழியின் நீண்ட கால அனுபவம்

சென்டோஸ் 6 அல்லது 7 என்ற லினக்ஸ் ஓடும் பழைய சர்வரிலிருந்து அல்மாலினக்ஸ் 9 என்ற புதிய லினக்ஸுக்கு யூசர் கணக்குகளைக் கொண்டுபோக ஆளுக்கொரு வழி சொல்வார்கள். யூசர், குரூப் விவரங்கள் இருக்கும் பாஸ்வேர்டு, ஷேடோ, குரூப், ஜிஷேடோ என்ற நான்கு ஃபைல்களிலிருந்து வேண்டிய வரிகளை எடுத்து ஒட்டி, ஹோம் ஃபோல்டர்களை ஆர்சிங்க் என்ற காப்பி கமாண்டால் இழுப்பது அவற்றில் ரொம்பப் பழையது. 20 யூசரானாலும் 150 யூசரானாலும் இன்றைக்கும் நம்பிச் செய்யலாம். ஆனால் மாற்றிய அன்றைக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். கோளாறுகள் தலைகாட்டுவது இரண்டாம் வாரத்தில், மாதக் கடைசியில், சில சமயம் 90 நாள் கழித்து.

எல்லாவற்றுக்கும் மூலம் எண்தான். முருகன் என்ற யூசர் யார் என்று லினக்ஸுக்குத் தெரியாது, 503ஐத்தான் தெரியும். ஒரு ஃபைல் யாருடையது என்று டிஸ்க்கில் எழுதியிருப்பது யூஐடி என்ற அந்த எண் மட்டுமே. சென்டோஸ் 6 சாதாரண யூசர்களுக்கு 500இலிருந்து எண் கொடுத்தது, 7 முதல் 1000இலிருந்து. புது சர்வரில் 1000க்குக் கீழே இருப்பதெல்லாம் சிஸ்டம் கணக்குகளுக்கானது. அதுவும் 999இலிருந்து கீழ்நோக்கி எடுத்துக்கொண்டு வரும். அதனால் 6இலிருந்து வருகிறவர்களின் எண்ணை மாற்றியே ஆக வேண்டும். சும்மா 1000ஐக் கூட்டிவிடுங்கள்: 503 என்பது 1503 ஆகட்டும். பின்னால் ஏதாவது ஒரு பழைய பேக்கப்பைத் திறந்து பார்க்கும்போது யாருடைய ஃபைல் என்று மனக்கணக்காகவே தெரிந்துவிடும். ஒரே ஒரு விலக்கு: ஹோம் ஃபோல்டரை என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் ஃபோல்டரைப் பகிரும் முறை) வழியாக வேறு இயந்திரங்களும் பயன்படுத்தினால் எண்ணைத் தனியாக இங்கே மட்டும் மாற்றக் கூடாது. என்எஃப்எஸ் பதிப்பு 3 பெயரை அனுப்பாது, எண்ணைத்தான் அனுப்பும்.

எண்ணை மாற்றுகிறீர்களா, அப்படியே வைக்கிறீர்களா என்பதை வைத்துத்தான் ஆர்சிங்க் கமாண்டே அமையும். ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள கணக்கில்) ஓடும்போது ஆர்சிங்க் இயல்பாகப் பெயரைப் பார்த்தே உரிமையைக் கொடுக்கும். அந்தப் பக்கம் முருகன் 1503 என்றால் ஃபைலுக்கும் 1503 விழும். கணக்குகள் அங்கே முன்பே இருந்தால்தான் இது நடக்கும். அதனால் முதலில் கணக்கு, பிறகு ஃபைல். எண் மாறவில்லை என்றால் நியூமெரிக் ஐடிஸ் என்ற விருப்பத்தைச் சேர்த்துவிடலாம். இணையத்தில் கிடைக்கும் கமாண்டை அப்படியே ஒட்டுகிறவர்கள் எண்ணையும் மாற்றிவிட்டு இந்த விருப்பத்தையும் போட்டுவிடுவார்கள். பிறகு எல்லா ஃபைலும் பெயரில்லாத 503இன் பெயரில் கிடக்கும்.

வேலையை விட்டுப் போனவர்களின் ஃபைல்களை யாரும் கவனிப்பதில்லை. கணக்கை நீக்கியிருப்பார்கள், ஃபைல் மட்டும் 1042 என்ற எண்ணோடு ஏதோ ஒரு பொது ஃபோல்டரில் இருக்கும். பெயர் இல்லாததால் ஆர்சிங்க் அந்த எண்ணையே அப்படியே கொண்டுபோகும். புது சர்வரில் இப்போதைய கடைசி யூசர் 1041 என்றால், அடுத்து வேலைக்குச் சேருகிறவருக்கு 1042 விழும். முன்னவரின் சம்பளக் கணக்கு ஷீட்டுக்கு அவரே உரிமையாளர் ஆகிவிடுவார். காப்பி தொடங்கும் முன் பழைய சர்வரிலேயே ஃபைண்ட் கமாண்டில் நோயூசர், நோகுரூப் என்று தேடி, அகப்படுவதை ரூட் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

பாஸ்வேர்டு விஷயத்தில் பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. ஷேடோவில் இருப்பது ஹேஷ், அதாவது பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்ட மாற்றுருவம், அதை அப்படியே ஒட்டினால் பழைய பாஸ்வேர்டே வேலை செய்யும். பழைய ஹேஷைப் புது சர்வர் புரிந்துகொள்ளும், எதிர்த்திசையில்தான் சிக்கல். டெபியன் என்ற வேறொரு லினக்ஸில் பதிப்பு 11 முதல் இயல்பாக வரும் யெஸ்கிரிப்ட் ஹேஷை சென்டோஸ் 7க்குக் கொண்டுபோனால் யாராலும் உள்ளே நுழைய முடியாது. ஹேஷின் தொடக்கத்தில் இரண்டு டாலர் குறிகளுக்கு நடுவே 6 இருந்தால் எஸ்ஹெச்ஏ 512, ஒய் இருந்தால் யெஸ்கிரிப்ட். பார்த்ததுமே தெரிந்துவிடும்.

ஷேடோ வரியை முழுதாகக் கொண்டுபோவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் மூன்றாவது கட்டத்தில், பாஸ்வேர்டு கடைசியாக மாறிய தேதி 1970 ஜனவரி 1இலிருந்து எத்தனையாவது நாள் என்று இருக்கும். யூசர்ஆட் போட்டுக் கணக்கைப் புதிதாக உருவாக்கி, சிஎச்பாஸ்வேர்டு கமாண்டால் ஹேஷை மட்டும் திணித்தால் எல்லாருக்கும் அந்த இடத்தில் இன்றைய தேதி விழும். 90 நாள் காலாவதி வைத்திருக்கும் இடத்தில் சரியாக 90ஆம் நாள் காலை அத்தனை பேரும் சேர்ந்து போன் அடிப்பார்கள்.

குரூப் ஃபைலில் அநேகமாக எல்லாரும் வழுக்குவார்கள். ஜிஐடி (குரூப்பின் எண்) 500க்கு மேல் உள்ள வரிகளை மட்டும் வடிகட்டி எடுப்பது வழக்கம். ஆனால் வீல், அப்பாச்சி போன்ற குரூப்கள் அதற்குக் கீழே இருக்கின்றன. அவற்றில் யார் உறுப்பினர் என்ற தகவல் வடிகட்டலில் விழுந்துவிடும், சூடோ உரிமை (ரூட்டாகக் கமாண்ட் ஓட்டும் அனுமதி) போய்விடும். அந்த வரிகளை ஒட்டவும் கூடாது, அங்கே எண் வேறாக இருக்கும். யூசர்மாடில் சிறிய ஏயும் பெரிய ஜியும் சேர்த்து ஒவ்வொருவராகச் சேர்ப்பதே சரி. அந்தச் சிறிய ஏவை விட்டுவிட்டால் அவர் இருந்த மற்ற துணை குரூப்களிலிருந்து எல்லாம் நீக்கிவிடும். முடிந்ததும் பிடபிள்யூசிகே, ஜிஆர்பிசிகே இரண்டையும் ஓட்டுங்கள். வரியில் ஒரு கோலன் குறைந்தாலும் காட்டிக்கொடுக்கும். டிசிஎஸ்ஹெச், கேஎஸ்ஹெச் போன்ற ஷெல் (கமாண்டைப் படித்து ஓட்டும் புரோகிராம்) வைத்திருப்பவர்கள் இருந்தால் அதையும் முன்பே நிறுவ வேண்டும். ஷெல் இல்லை என்றால் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் லாகின் ஆகாது.

காப்பியை இரண்டு சுற்றாக வைத்துக்கொள்ளலாம். முதல் சுற்று வேலை நடந்துகொண்டிருக்கும்போதே. சிறிய ஏ மட்டும் போதாது, ஹார்டு லிங்க் (ஒரே ஃபைலுக்கு இன்னொரு பெயர்), ஏசிஎல் (கூடுதல் அனுமதிப் பட்டியல்), எக்ஸ்ஆட்டர் (ஃபைலோடு ஒட்டிய கூடுதல் தகவல்) மூன்றுக்கும் பெரிய ஹெச், ஏ, எக்ஸ் சேர்க்க வேண்டும். ஹெச்சை மறந்தால் ஹார்டு லிங்க்கில் ஓடும் பேக்கப் ஃபோல்டர் பல மடங்கு ஊதிப்போய் டிஸ்க்கை நிரப்பிவிடும். இரண்டாம் சுற்றுக்கு முன் பழைய சர்வரில் ஈடிசிக்குள் நோலாகின் என்று ஒரு ஃபைலை வையுங்கள், ரூட் தவிர யாரும் புதிதாக நுழைய முடியாது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களை அது வெளியேற்றாது, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானையும் நிறுத்தாது. இரண்டையும் கையால்தான் நிறுத்த வேண்டும். இந்தச் சுற்றில் டிலீட் விருப்பத்தைச் சேர்க்காவிட்டால், இடையில் யூசர் அழித்த ஃபைல்கள் புது சர்வரில் உயிரோடு இருக்கும். சேர்த்தால், மூலப் பாதையின் கடைசிச் சாய்கோடு சரியாக இருக்கிறதா என்று ஒத்திகை ஓட்டத்தில் பார்த்துவிட்டே நிஜமாக ஓட்டுங்கள்.

பாஸ்வேர்டுக்குப் பதிலாக எஸ்எஸ்ஹெச் கீ வைத்து லாகின் செய்கிறவர்களிடமிருந்து அடுத்த நாள் வரும் முதல் புகார், "கீ போட்டும் பாஸ்வேர்டு கேட்கிறது" என்பது. பெர்மிஷனை நோண்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். பெரும்பாலும் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு ஃபைலுக்கு ஒட்டும் லேபிள்தான் காரணம், ஹோமில் ரெஸ்டோர்கான் ஓட்டினால் சரியாகும். ஹோம் ஃபோல்டரை வேறு பாதையில் வைத்திருந்தால், முதலில் அந்தப் பாதையும் ஹோமும் சமம் என்று செமானேஜில் பதிய வேண்டும். அதற்குப் பிறகும் ஒருவருக்கு மட்டும் நுழைய முடியவில்லை என்றால் அவருடைய இயந்திரத்தைப் பாருங்கள். சென்டோஸ் 6இன் எஸ்எஸ்ஹெச் கையெழுத்திடுவது எஸ்ஹெச்ஏ 1 என்ற பழைய முறையில், அதை அல்மாலினக்ஸ் 9 இயல்பாக ஏற்காது. சர்வரை அடையாளம் காட்டும் ஹோஸ்ட் கீக்களையும் கூடவே கொண்டுபோனால், சர்வர் மாறிவிட்டது என்ற மிரட்டல் செய்தி யாருக்கும் வராது. பழைய டிஎஸ்ஏ வகைக் கீ மட்டும் வேண்டாம்.

யூசருக்கு இவ்வளவு டிஸ்க் இடம் என்ற கோட்டா காப்பியில் வராது. ரெப்கோட்டா போட்டு எழுதி வைத்துக்கொண்டு புதிதாகக் கொடுக்க வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் மவுண்ட் செய்யும்போதே கோட்டா விருப்பம் இருக்க வேண்டும், ரீமவுண்ட் பலிக்காது.

கிரான் வேலைகள் ஹோமில் இல்லை, வார் ஸ்பூலுக்குள் இருப்பவை, தனியாக எடுக்க வேண்டும். கிளவுடில் வாடகைக்கு எடுத்த சர்வர் பெரும்பாலும் யூடிசி நேரத்தில் இருக்கும். அதைக் கவனிக்காவிட்டால் காலை 6 மணி ரிப்போர்ட் இந்திய நேரம் பகல் 11:30க்குத்தான் ஓடும். ஸ்கிரிப்டின் முதல் வரியில் வெறும் பைத்தான் என்று இருந்தால் அல்மாலினக்ஸ் 9இல் அப்படி ஒன்று இல்லாமல் போகலாம், இருந்தாலும் அது பைத்தான் 3தான், பைத்தான் 2க்கு எழுதியது ஓடாமல் போகலாம். ஓடாததைச் சொல்ல மெயில் சர்வரும் இயல்பாக அங்கே கிடையாது. மாதம் ஒருமுறை ஓடுகிற வேலை ஓடவில்லை என்பது அக்கவுண்ட்ஸ் பிரிவு வந்து கேட்கும்போதுதான் தெரியும். அதனால் பழைய சர்வரை அணைத்துவிட்டாலும், ஒரு காலாண்டு கணக்கு முடியும்வரை டிஸ்க்கை அழிக்க வேண்டாம்.