இரண்டு வருட எம்எல்டி-யா, நான்கு வருட எம்எல்எஸ்-ஆ?

அமெரிக்காவில் மருத்துவ லேப் வேலைக்குப் போக முக்கியமாக இரண்டு வழி. கம்யூனிட்டி காலேஜில் அசோசியேட் டிகிரி (இரண்டு வருடப் பட்டம்) முடித்து எம்எல்டி, அதாவது மெடிக்கல் லேபரட்டரி டெக்னீஷியன் ஆகலாம், இல்லையென்றால் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் பேச்சலர் டிகிரி படித்து எம்எல்எஸ், அதாவது மெடிக்கல் லேபரட்டரி சயின்டிஸ்ட் ஆகலாம். கையில் காசு குறைவு, சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும் என்றால் நான் முதல் வழியைத்தான் சொல்வேன், ஆனால் சேரும் முன் சிலவற்றைத் துருவிக் கேட்டுவிட வேண்டும்.

படிப்பில் பலர் நினைக்கிற அளவுக்கு வித்தியாசம் இல்லை. ஹெமட்டாலஜி, கெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, பிளட் பேங்க் எல்லாம் இரண்டிலும் உண்டு. ஸ்லைடில் ஒரு சொட்டு ரத்தம் வைத்து, இன்னொரு ஸ்லைடை 30 டிகிரி வாக்கில் சாய்த்துத் தள்ளி, முனை இறகு போல மெலிந்து வரும்வரை திரும்பத் திரும்பப் பழகி, அப்புறம் சாயம் ஏற்றி 100 வெள்ளை அணுக்களை வகை வகையாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பது இரண்டு பேருக்கும் பொது. எம்எல்எஸ்ஸில் காரண காரியங்களும் லேப் நிர்வாகமும் கூடுதல், அவ்வளவுதான். கிளியா என்ற மத்திய விதிமுறைப்படி சிக்கலான டெஸ்டுகளுக்கே லேப் படிப்பில் அசோசியேட் டிகிரி போதும் என்பதால், பல ஆஸ்பத்திரிகளில் இருவரும் ஒரே மேஜையில்தான் வேலை செய்கிறார்கள். மாறுவது சம்பளமும் பதவி உயர்வும்.

கலிபோர்னியா கதை வேறு. அங்கே மாநில லைசென்ஸ் இல்லாமல் நடக்காது, எம்எல்டி லைசென்ஸில் சிக்கலான டெஸ்டுகளைத் தொடவும் முடியாது.

அப்புறம் இந்த 'இரண்டு வருடம்'. முன்பாடங்களை முடித்து, இருக்கிற கொஞ்ச சீட்டில் ஒன்றைப் பிடிப்பதற்குள் மூன்று ஆகிவிடலாம். கடைசியில் வரும் ஆஸ்பத்திரிப் பயிற்சி பெரும்பாலும் பகல் முழுக்க, சம்பளம் கிடையாது. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் அதற்குக் காசு ஒதுக்கி வைத்தே ஆக வேண்டும்.

எம்எல்டி முடித்தவர் பேச்சலர் டிகிரியும் இரண்டு வருட லேப் அனுபவமும் சேர்த்துக்கொண்டு ஏஎஸ்சிபி என்ற சான்றிதழ் அமைப்பின் எம்எல்எஸ் தேர்வை எழுதலாம், பாதி வழியில் சம்பளமும் வந்துகொண்டிருக்கும். மாட்டிக்கொள்வது கெமிஸ்ட்ரியில்தான். சில காலேஜில் எம்எல்டிக்கு எளிய கெமிஸ்ட்ரி போதும் என்பார்கள், பின்னால் பல்கலைக்கழகம் அதைக் கணக்கில் எடுக்காது. கஷ்டமாக இருந்தாலும் சயின்ஸ் மாணவர்களுக்கான ஜெனரல் கெமிஸ்ட்ரியையே எடுங்கள். படிப்புக்கு நாக்கல்ஸ் (லேப் படிப்புகளை மதிப்பிடும் அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்பதையும் முதல் நாளே பாருங்கள்.

ஏற்கெனவே பயாலஜியிலோ கெமிஸ்ட்ரியிலோ பேச்சலர் வைத்திருப்பவர்கள் எம்எல்டி பக்கமே போக வேண்டாம், சுமார் ஒரு வருட எம்எல்எஸ் படிப்புகள் அவர்களுக்கென்றே இருக்கின்றன. மாணவர் விசாவில் வருபவர்களுக்கும் எம்எல்எஸ்தான் சரி: எச்-1பி என்ற வேலை விசாவுக்கு வேலையே பேச்சலர் டிகிரி கேட்பதாக இருக்க வேண்டும், எம்எல்டி வேலை அப்படிக் கேட்பதில்லை.