கீபாஸ்எக்ஸ்சி பிரவுசர் நீட்சி: மென்பொருள் திறந்திருந்தும் இணையாதது ஏன்?

கடவுச்சொற்களை அடுத்தவர் சர்வரில் வைக்காமல் சொந்தக் கணினியிலேயே பூட்டி வைக்க நினைப்பவர்களுக்கு கீபாஸ்எக்ஸ்சி என்ற மென்பொருளைத் தயங்காமல் சொல்லலாம். இலவசம், திறமூலம். இணையதளங்களில் கடவுச்சொல்லை நிரப்பித் தரும் அதன் பிரவுசர் நீட்சியும் (எக்ஸ்டென்ஷன்) ஒருமுறை இணைந்துவிட்டால் சொன்ன வேலையைச் சரியாகச் செய்கிறது. ஐந்துக்கு நான்கு தரலாம். குறைகிற ஒன்று, இணையாதபோது அது காட்டும் செய்திக்காக. காரணம் எதுவானாலும் "கீபாஸ்எக்ஸ்சியுடன் இணைய முடியவில்லை" என்ற ஒரே பாட்டுதான். மென்பொருளோ பக்கத்திலேயே திறந்திருக்கும். உடனே இரண்டையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். பெரும்பாலும் அது வீண்வேலை.

கணினியில் என்னென்ன நிறுவியிருக்கிறது என்று நீட்சி தேடுவதே இல்லை. அதற்கு அந்த அனுமதியும் கிடையாது. அது பிரவுசரிடம் ஒரு பெயரைச் சொல்லும். பிரவுசர் அந்தப் பெயரில் ஒரு சின்ன ஜேசன் (விவரங்களை எழுத்தாகக் குறித்து வைக்கும் வடிவம்) கோப்பைத் தேடும். லினக்ஸில் பயர்பாக்ஸ் என்றால் ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் மொஸில்லா ஃபோல்டருக்குள். விண்டோஸில் கோப்பு இருக்கும் இடத்தை ரெஜிஸ்ட்ரி என்ற அமைப்புப் பதிவேடு சொல்லும். கோப்பில் கவனிக்க வேண்டியவை இரண்டு: நீட்சிக்கும் மென்பொருளுக்கும் இடையே தூது போகும் கீபாஸ்எக்ஸ்சி-பிராக்ஸி என்ற நிரல் எங்கே இருக்கிறது, அதை எந்த நீட்சி அழைக்கலாம்.

இந்தக் கோப்பை எழுதுவது கீபாஸ்எக்ஸ்சிதான், அதுவும் நாம் சொன்னால் மட்டும். டூல்ஸ், செட்டிங்ஸ், பிரவுசர் இன்டக்ரேஷன் என்று போய் அதை இயக்கி, உங்கள் பிரவுசரின் பெயருக்கும் டிக் அடியுங்கள். கடவுச்சொற்கள் இருக்கும் டேட்டாபேஸின் பூட்டைத் திறந்து, நீட்சியில் 'ரீலோட்', பிறகு 'கனெக்ட்'. பலருக்கு இத்தோடு தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் ஊகிக்க வேண்டாம். குரோமில் எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தில் டெவலப்பர் மோடை இயக்கி, நீட்சியின் பின்னணியில் ஓடும் 'சர்வீஸ் வொர்க்கர்' இணைப்பைத் திறந்து, பிழைச்செய்திகள் வரும் கன்சோலைப் பாருங்கள். 'ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட்' என்றால் ஜேசன் கோப்பே பிரவுசர் கண்ணில் படவில்லை. 'ஃபர்பிடன்' என்றால் கோப்பு இருக்கிறது, ஆனால் அனுமதிப் பட்டியலில் இந்த நீட்சியின் ஐடி இல்லை; ஸ்டோரிலிருந்து எடுக்காமல் கையால் ஏற்றிய நீட்சியில் இது வரும். 'நேட்டிவ் ஹோஸ்ட் ஹேஸ் எக்ஸிட்டட்' என்றால் பிராக்ஸி தொடங்கி உடனே நின்றுவிட்டது. இவ்வளவு தெளிவாக பிரவுசர் சொல்வதை நீட்சி நமக்குக் காட்டினாலே போதும், பலருடைய நேரம் மிச்சமாகும்.

லினக்ஸில் ஆப்இமேஜ் (நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்பு) பயன்படுத்துகிறவர்களுக்கு ஒன்று. கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கும். புதியதை இறக்கிப் பழையதை அழித்தால், ஜேசனில் உள்ள பாதை இல்லாத கோப்பைக் காட்டிக்கொண்டிருக்கும். புதியதை ஒருமுறை திறந்தால் அது பாதையைத் திருத்திக்கொள்ளும்.

அதிகம் படுத்துவது ஸ்னாப் என்ற பொதி வடிவில் வரும் பயர்பாக்ஸ். உபுண்டு லினக்ஸில் 22.04 பதிப்பு முதல் பயர்பாக்ஸ் ஸ்னாப் ஆகத்தான் வருகிறது. அது தனிக்கூண்டுக்குள் ஓடுவதால் வெளியே உள்ள பிராக்ஸியை நேராக இயக்க முடியாது. டெஸ்க்டாப் போர்ட்டல் என்ற இடைத்தரகர் சேவை வழியாக உங்களிடம் அனுமதி கேட்கும். அந்தப் பெட்டியில் அவசரத்தில் மறுத்துவிட்டால் அந்தப் பதில் பதிவாகிவிடும், மறுபடி கேட்காது. பயர்பாக்ஸை எத்தனை முறை நிறுவினாலும் பயனில்லை, ஏனென்றால் பதிவு இருப்பது போர்ட்டலிடம். ஃபிளாட்பேக் என்ற இன்னொரு பொதிக் கருவியின் 'பெர்மிஷன்-செட்' கட்டளையால் 'வெப்எக்ஸ்டென்ஷன்ஸ்' அட்டவணையில் ஸ்னாப் பயர்பாக்ஸுக்கு 'யெஸ்' என்று மாற்ற வேண்டும். ஃபிளாட்பேக் கட்டளை இல்லையென்றால் முதலில் அதை நிறுவுங்கள்.

டெபியன் லினக்ஸில் கீபாஸ்எக்ஸ்சி செட்டிங்ஸில் பிரவுசர் இன்டக்ரேஷன் என்ற பகுதியே காணோம் என்றால் உங்கள் கண்ணில் கோளாறில்லை. 2024இல் அங்கே பொதியை இரண்டாகப் பிரித்தார்கள். குறைந்த வசதிகள் கொண்டதில் பிரவுசர் இணைப்பு கிடையாது. 'கீபாஸ்எக்ஸ்சி-ஃபுல்' என்ற பொதியை நிறுவினால் அந்தப் பகுதி திரும்ப வந்துவிடும், பழைய டேட்டாபேஸ் கோப்பை அப்படியே திறக்கலாம்.